படிவம் எண் நாற்பத்தேழு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எனக்குக் கணக்கில் தொண்ணூற்றாறு மதிப்பெண் வந்தபோது, தாராபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் லட்டு தின்றார்கள். நான் மட்டும் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தேன். குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று அல்ல, அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று. மறுகூட்டலில் இரண்டு மதிப்பெண் கூடியது. ஒருவருக்குப் பதிலாக இப்போது இரண்டு பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்றுதான் அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

இப்படிப்பட்ட பிறவிக்கு எந்த வேலை பொருந்தும்? எதையும் நம்பாமல் அளந்து பார்க்கிற வேலை. கடவுள் கருணையோடு அதையே கொடுத்தார். கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். உள்ளே வருகிற வார்ப்பு, வெளியே போகிற பம்பு எல்லாவற்றையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, தப்பாக இருந்தால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். ஏழு வருடம் கட்டினேன். எனக்கு யார், எப்போது சிவப்பு அட்டை கட்டப்போகிறார்கள் என்ற பயத்தோடேயே கட்டினேன்.

தாராபுரத்தில் என் அம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "எங்க கோகிலா பாக்காம ஒரு பம்பு ஆப்பிரிக்கா போவாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். (ஆப்பிரிக்காவில் ஏதாவது ஒரு கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்கு அப்போதே தெரியும்.)

பிறகு மகள் பிறந்தாள். மகிழினி, சுருக்கமாக மகி. பத்து மாதம் விடுப்பு. திரும்பி வேலைக்குப் போனபோது அந்தப் பழைய பயம் குட்டி போட்டிருந்தது. என் இடத்தில் யாரையும் நியமித்திருக்கவில்லை. நான் இல்லாமலே பத்து மாதம் கம்பெனி நன்றாக நடந்திருந்தது. ஒரு ஆள் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் நாள் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. இரண்டாம் நாள் புதிய பாஸ்வேர்டு மறந்துபோயிற்று.

மூன்றாவது வாரம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தரப்பிரிவின் மேனேஜர் கனகராஜ் சார் தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவார். அன்றைக்கு அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். குனிந்து பார்த்தேன். சோதனைக்கு எடுத்துவந்த இம்பெல்லரைத் (பம்புக்குள் சுழலும் வெண்கலச் சக்கரம், ஏறக்குறைய இரண்டு மாதக் குழந்தையின் எடை) தோளில் சாய்த்து, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி, அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

உதிரிகளைச் சேர்த்துப் பம்பாகப் பூட்டும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சாதிக் பாய்தான் மெதுவாகக் கேட்டார். "ஏப்பம் விட்டிருச்சுங்களா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு கேஜ் ரூமுக்குப் போய் அழுதேன்.

கேஜ் ரூம் என்பது அளவுக் கருவிகளை வைத்திருக்கும் அறை. கருவிகள் சூட்டில் விரிந்துவிடக் கூடாது என்று எந்நேரமும் ஏசி ஓடும். கதவு இறுக்கமாக மூடும். சத்தம் வெளியே போகாது. கோவையில் மே மாதத்தில் அழுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அன்று மாலைதான் அந்த நோட்டை வாங்கினேன்.

எங்கள் தொழிலில் தப்பு நடந்தால் யாரும் திட்டமாட்டார்கள். அதைவிடக் கொடுமையாக ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதில் நான்கு கட்டங்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, உடனே என்ன செய்தீர்கள், இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள். இரண்டாவது கட்டத்தில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாவது ஏனில் மூலகாரணம் மாட்டிக்கொள்ளும் என்பது தரக்கட்டுப்பாட்டுக்காரர்களின் நம்பிக்கை. நான் காந்திபுரத்தில் பஸ் மாறும்போது ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டேன். மற்றவர்கள் என்னைக் கண்டுபிடிப்பதற்குள் நானே என்னைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

ஒரு பதிவு இப்படி இருந்தது:

என்ன நடந்தது: கனகராஜ் சாருக்கு வணக்கம் சொன்னேன். 'ம்' என்றார். வழக்கமாக 'ம்ம்' என்பார்.
ஏன்? என்மேல் அதிருப்தி. ஏன்? நேற்று ரிப்போர்ட் தாமதம். ஏன்? மகிக்குச் சளி, சீக்கிரம் கிளம்பிவிட்டேன். ஏன்? முன்னதாகவே எழுதி வைத்திருக்கத் தெரியவில்லை. ஏன்? எனக்கு எதுவும் தெரியாது.
உடனே செய்தது: இன்னொரு தடவை வணக்கம் சொன்னேன்.
இனி நடக்காமலிருக்க: வணக்கம் சொல்லாமல் சுற்றிப் போக வேண்டும்.

இன்னொன்று:

என்ன நடந்தது: கேஜ் ரூமில் அழுகை. பன்னிரண்டு நிமிடம்.
உடனே செய்தது: முகம் கழுவினேன்.
இனி நடக்காமலிருக்க: காலையில் ஆட்கள் வருகிறார்கள். இனி மதியம் அழ வேண்டும்.

எந்த விஷயத்தில் ஆரம்பித்தாலும் ஐந்தாவது ஏன் ஒரே இடத்தில் போய் நின்றது. எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் கடைசியில் காந்திபுரத்தில் இறக்கிவிடுவதைப் போல, எந்தக் காரணத்தில் ஏறினாலும் 'எனக்கு எதுவும் தெரியாது' என்பதில் இறங்கினேன்.

என் கணவர் சரவணனுக்குச் சோமனூரில் தறி உதிரிபாகக் கடை. காலையில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். "என்ன அம்மணி, மேலுக்குச் சொகமில்லையா?" என்பார். "ஒண்ணுமில்லீங்க" என்பேன். (எங்கள் பக்கத்தில் 'ஒண்ணுமில்லீங்க' என்பது எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்துகிற மூடி.) சாப்பிட்டுவிட்டு இருவரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவோம்.

நான்காவது மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். கம்பெனியின் தரச்சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து ஆடிட்டர் வரும் நேரம் அது. "அந்த சர்ட்டிபிகேட் இல்லீன்னா ஆப்பிரிக்கா ஆர்டர் இல்லீங்க. எல்லாரும் மனசு வெச்சுச் செய்யோணும்" என்று எம்.டி. சார் கேன்டீனில் வந்து கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போனார். சரி, ஆடிட் முடியட்டும், அடுத்த நாளே ராஜினாமா கொடுத்துவிடலாம். துரத்தப்படுவதற்கு முன் நாமே போவது மரியாதை. கடிதத்தை எழுதி, தேதியும் கையெழுத்தும் மட்டும் போடாமல், நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆடிட்டுக்கு முதல் நாள் எங்கள் கம்பெனியில் ஒரு சடங்கு உண்டு. 'கட்டுப்பாட்டு ஆவணம்' என்ற சிவப்பு சீல் இல்லாத ஒரு துண்டுக் காகிதம்கூட யார் மேசையிலும் இருக்கக் கூடாது. இருந்தால் ஆடிட்டர் குற்றம் எழுதிவிடுவார். அதனால் கைப்பைகளை எல்லாம் காலையிலேயே வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். மாலையில் கனகராஜ் சார் ஒரு சாக்குப்பையோடு மேசை மேசையாக வருவார். தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பல் டாக்டர் சீட்டு, எல்லாம் சாக்குக்குள் போகும். சாக்கு அவருடைய கார் டிக்கிக்குள் போகும். ஆடிட் முடிந்ததும் எல்லாம் திரும்பி வரும். நேர்மையாகத்தான் நடக்கும். ஒரே சிக்கல், கனகராஜ் சார் எதையும் படித்துப் பார்க்காமல் சாக்கில் போடமாட்டார்.

அவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி வந்துவிட்டார். என் கையில் நோட்டு. நோட்டில் அவருடைய 'ம்'.

அந்தச் சிவப்பு சீல் யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்லவில்லையே. என் பொறுப்பில்தான்.

எடுத்தேன். நோட்டின் அட்டையில் ஒரு குத்து. சீல் போட்ட ஆவணத்துக்கு எண் இல்லாமல் இருந்தால் தப்பாயிற்றே என்று (பாருங்கள், அந்த நிலைமையிலும் ஒழுங்கு) எண்ணும் போட்டேன். எங்களிடம் நாற்பத்தாறு படிவங்கள் இருந்தன. ஆகவே 'படிவம் எண் 47'. முதுகில் லேபிள் ஒட்டி, அலமாரியில் நாற்பத்தாறுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன். கனகராஜ் சார் வந்தார். மேசையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

எல்லோரும் கிளம்பியதும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தேன். அதற்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன். மகிக்கு உடம்பு சுடுகிறது. பையைக்கூட மறந்துவிட்டு ஓடினேன். நோட்டு எங்கே ஞாபகம் இருக்கும்?

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது ஆடிட்டர் ஏற்கெனவே உள்ளே, எங்கள் அலமாரிக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு, மற்ற பிரிவுகளின் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை எடுக்க வழியில்லை.

பாலக்காட்டுக்காரர். மெலிந்த உடம்பு, கழுத்துவரை பூட்டிய பொத்தான். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கனகராஜ் சாரிடம் ஆடிட்டர்களுக்கென்று ஒரு உத்தி உண்டு. மதியம் எம்.டி. வீட்டிலிருந்து பள்ளிபாளையம் சிக்கன், சந்தகை, அரிசி பருப்பு சாதம், நெய் என்று இறக்கி, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று மூன்று பேர் சுற்றி நின்று பரிமாறுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட்டரின் கண் தானாகச் செருகும். அந்த நேரத்தில் எங்கள் பிரிவைக் காட்டிவிடுவோம். இவர் ஒரு கரண்டி தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கனகராஜ் சாருக்கு அப்போதே முகம் வெளுத்துவிட்டது.

ஆடிட்டர் எங்கள் படிவப் பட்டியலை வாங்கினார். நாற்பத்தாறு. பேனா முனையால் அலமாரியில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்தேழு. மறுபடியும் எண்ணினார்.

"ஒண்ணு கூடுதலா இருக்கே" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "அது புதுசுங்க சார்" என்பது.

கனகராஜ் சார் அந்த நோட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் தன் பிரிவுப் பெண்ணை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுப்பவர் அல்ல. "ஆமாங்க சார், புதுசு. ரொம்ப நல்ல ஃபார்முங்க. நாங்க டெய்லி யூஸ் பண்றமுங்க" என்றார்.

"நல்லது" என்றார் ஆடிட்டர். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க."

கனகராஜ் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டுப் பேசுவாரே, அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

"என்ன நடந்தது. கனகராஜ் சாருக்கு வணக்கம் சொன்னேன். 'ம்' என்றார். வழக்கமாக…"

குரல் பாதியாகக் குறைந்தது.

"வழக்கமாக 'ம்ம்' என்பார்."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "ம், அடுத்தது" என்றார்.

வாசித்தார். வாசித்தே ஆக வேண்டியிருந்தது. இம்பெல்லருக்கு ஏப்பம். கேஜ் ரூம் பன்னிரண்டு நிமிடம். கேஜ் ரூம் ஒன்பது நிமிடம் (இனி நடக்காமலிருக்க: கைக்குட்டை இரண்டு). இந்த இடத்தில் எம்.டி. சார், ஆடிட் எப்படிப் போகிறது என்று பார்க்க உள்ளே வந்தார். அவர் வந்து நின்ற நேரம் கனகராஜ் சார் வாசித்த பதிவு: "எம்.டி. சார் என்னிடம் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஏன்? வேலையைப் பற்றி என்னிடம் கேட்க எதுவும் இல்லை."

எம்.டி. சார் சத்தமில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று எதிர்பார்த்தேன். அது எபாக்ஸி பூசிய தரை, போன வருடம்தான் போட்டார்கள், பிளக்கவில்லை. அதற்குள் நோட்டிலிருந்து மடித்த கடிதம் கீழே விழுந்தது. ஆடிட்டர் எடுத்துக் கொடுத்தார். கனகராஜ் சார் முதல் இரண்டு வரியை மனதுக்குள் படித்தார். பிறகு வெளியே சொன்னார். "ராஜினாமா லெட்டருங்க."

"தேதி இருக்கா?"

"இல்லீங்க."

"கையெழுத்து?"

"இல்லீங்க."

"அப்போ இது ஆவணமே இல்ல" என்று ஆடிட்டர் அதை என்னிடமே நீட்டினார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "சார், அது என் சொந்த நோட்டுங்க" என்றேன். "சீல் போட்டது நான்தானுங்க. கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார், அதைத்தான் அதுல எழுதியிருக்கறேன்."

ஆடிட்டர் நோட்டைத் திருப்பி அட்டையைக் காட்டினார். சீல் இருக்கிறது, எண் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறது, ஆகவே இது உங்கள் சிஸ்டம், சிஸ்டத்தில் இருப்பதை நான் ஆடிட் செய்துதான் ஆகவேண்டும் என்றார். மொத்தம் எத்தனை பதிவு என்று கேட்டார். கனகராஜ் சார் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார். அறுபத்து மூன்று. அதில் எத்தனையில் கடைசிக் காரணம் 'எனக்கு எதுவும் தெரியாது'? அறுபத்தொன்று. (மீதி இரண்டில் ஒன்று, மகிக்குப் பல் முளைக்கிறது. இன்னொன்று, கரண்ட் இல்லை.)

"சரி. எவிடன்ஸ் எங்கே?"

"என்னங்க சார்?"

"இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அறுபத்தொரு தடவை எழுதியிருக்கு. அதுக்கு எவிடன்ஸ் வேணுமே. அளவு, ரிப்போர்ட், திரும்பி வந்த பம்பு, ஏதாவது."

கனகராஜ் சார் என்னைப் பார்த்தார். எம்.டி. சார் என்னைப் பார்த்தார். எனக்கு எதுவும் தெரியாது என்பதற்குக்கூட என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

மாலைக் கூட்டத்தில் ஆடிட்டர் இரண்டே இரண்டு குறைகளை வாசித்தார். முதலாவது, பட்டியலில் இல்லாத படிவம் அலமாரியில் இருந்தது. இரண்டாவது, 'பொறியாளருக்கு எதுவும் தெரியாது' என்பது மூலகாரணமாக அறுபத்தொரு முறை பதிவாகியுள்ளது, அதை நிறுவும் ஆதாரம் காட்டப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் இரண்டுக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். பதிலை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சான்றிதழ். அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, விதிமுறையைக் காப்பாற்ற நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் அதற்கான எவிடன்ஸ் எதுவும் இல்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆக, மொத்த ஆப்பிரிக்காவும் இப்போது என் முட்டாள்தனத்துக்கான ஆதாரத்தை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தது.

எல்லோரும் எம்.டி. சார் வெடிப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "ஏனுங்க கனகராஜ், அந்தப் புள்ளைக்கு 'ம்ம்'னு சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க சிரமம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து சரவணனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு, மகியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அவர் முழுதும் படித்தார். ஏப்பம் வந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் வந்து நின்றார்.

"அறுபத்தி மூணு எழுதியிருக்கே அம்மணி. எங்கிட்ட ஒண்ணுகூடச் சொல்லலையே."

ஒண்ணுமில்லீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். மூடி பொருந்தவில்லை. அழுதுவிட்டேன், இந்த முறை நேரம் குறிக்காமல்.

அடுத்த நாள் முதல் ஆதாரம் தேடும் வேலை. நீங்கள் நினைக்கலாம், எனக்குத் திறமை இருக்கிறது என்று நிரூபிக்கப் புறப்பட்டேன் என்று. இல்லை. நான் மனப்பூர்வமாக என் தப்புகளைத்தான் தேடினேன். கம்பெனிக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டுமே. ஏழு வருட ரிப்போர்ட்டுகளை இறக்கிப் புரட்டினேன். கிடைத்தது ஒன்று. நான்கு வருடத்துக்கு முன், தப்பான பம்புகளுக்குப் பச்சை அட்டை கட்டி லாரியில் ஏற்ற விட்டிருக்கிறேன். ஆவலோடு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதே நாள், இரண்டு மணி நேரத்தில் அந்தத் தப்பைக் கண்டுபிடித்து, ஆட்டோ பிடித்துப் போய் அவிநாசி ரோட்டில் லாரியை நிறுத்தித் திருப்பிக்கொண்டு வந்தது யார் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. எனக்குப் பொக்கென்று போய்விட்டது. இருந்த ஒரே ஆதாரமும் கைநழுவிப் போயிற்று.

ஆட்களிடம் கேட்கலாம் என்று சாதிக் பாயிடம் போனேன். "பாய், நான் பண்ணின தப்பு ஏதாவது ஞாபகம் இருக்குதுங்களா? எழுதிக் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

பாய் யோசித்தார். "ஒண்ணு இருக்குதுங்க மேடம்."

சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தேன்.

"ஒரு பம்பை மூணு தடவை அளக்கறீங்க. மூணு தடவையும் அதே அளவுதான் வருது. அப்புறம் எங்கிட்ட வந்து 'சரியா இருக்குங்களா பாய்'ங்கறீங்க. எனக்கு அந்தக் கருவியைப் புடிக்கவே தெரியாதுங்க. நானும் சரிங்கறேன். நீங்களும் நிம்மதியாப் போறீங்க."

பேனாவை மூடினேன்.

"அப்புறம் அந்த கேஜ் ரூம் கதவுல 'கருவி சோதனை நடக்கிறது, உள்ளே வராதீர்'னு போர்டு தொங்குமே, பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. நான் எப்போதும் உள்ளே இருப்பேன்.

"நீங்க உள்ள போனா நான்தானுங்க மாட்டறது. மூணு மாசமா." துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊட்லயும் ரெண்டாவது பொறந்தப்ப இப்படித்தானுங்க இருந்தா. நான் மொதல்ல கொழுப்புன்னு நெனச்சுப்போட்டேன். அது வெசனமுங்க மேடம். அதுக்கு டாக்டர் இருக்காங்க. நம்பர் தரட்டுங்களா?"

அவர் கொடுத்த எண்ணுக்குச் சரவணன்தான் போன் செய்தார். ஆர்.எஸ். புரத்தில் ஒரு மாடி. மனநல மருத்துவர், என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இந்தப் பதற்றம் வரும், வேலையில் 'நான் போலி, மாட்டிக்கொள்வேன்' என்ற எண்ணம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கும் வரும், இரண்டும் சேர்ந்து என்னைப் பிடித்திருக்கிறது என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"டாக்டர், அதெல்லாம் நெசமாவே கஷ்டப்படறவங்களுக்கு வர்றதுங்க" என்றேன். "எனக்கு அந்த அளவுக்கெல்லாம் இருக்குமுங்களா? நான் சும்மா நடிக்கிறனோ என்னமோ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கோகிலா, இதுதாங்க அது."

ஐந்து மாதம், வாரத்துக்கு ஒரு முறை அந்த மாடியேறினேன். ஒரு அதிசயமும் நடக்கவில்லை. பாட்டில் மூடி கழற்றுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப்பை ஆறு மணிக்கு மேல் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டேன். மூன்று முறை அளப்பதை இரண்டாக்கினேன். பாயிடம் கேட்பதை நிறுத்தினேன். (பாய்க்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான்.)

இதற்கிடையில், முதல் மாதம் முடிவதற்குள்ளேயே, ஆடிட்டருக்குப் பதில் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. இரண்டாவது குறைக்குப் பதிலை நான்தான் எழுத வேண்டும் என்று கனகராஜ் சார் சொல்லிவிட்டார். மூன்று வாக்கியம் எழுத இரண்டு நாள் ஆயிற்று. 'ஆதாரம் தேடப்பட்டது. கிடைக்கவில்லை. மூலகாரணம் தவறாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.' சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை. (ஒருவரிடம் கேட்டேன். மகியிடம். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.) அதைக் கொடுத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதினேன்.

முதல் குறைக்குக் கனகராஜ் சார் ஒரே வழிதான் பார்த்தார். 'ரொம்ப நல்ல ஃபார்ம்' என்று தானே ஆடிட்டரிடம் சொல்லிவிட்டதால், அதை வேண்டாம் என்று தள்ள அவருடைய கௌரவம் இடம் தரவில்லை. படிவம் எண் நாற்பத்தேழு முறைப்படி பட்டியலில் ஏறியது. ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது, 'ஆதாரம்'. தன்மேல் சந்தேகம் வந்தவர் யாராக இருந்தாலும் நிரப்பிக்கொள்ளலாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

சான்றிதழ் வந்தது. பம்புகள் ஆப்பிரிக்கா போயின. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் கொடுக்கும் காகிதங்களில் இப்போது அதுவும் ஒன்று. 'கோகிலா ஃபார்ம்' என்கிறார்கள், நான் பக்கத்தில் நிற்பது தெரியாமல். ஒரு முறை ஜெராக்ஸ் மிஷினில் மறந்து விடப்பட்ட ஒன்றைப் பார்த்தேன். 'எம்.டி. போன் எடுக்கவில்லை. ஏன்? என்மேல் கோபம். ஆதாரம்: இல்லை. பிறகு தெரிந்தது, குளித்துக்கொண்டிருந்தார்.' கனகராஜ் சாரின் கையெழுத்து. மடித்து அவர் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில்தான் அந்த ஆடிட் இன்னும் முடியவில்லை. சாம்பாரில் உப்பு போட்டேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றால், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சரவணன் கேட்பார், "எவிடன்ஸ்?" தாராபுரத்திலிருந்து அம்மா போனில் "எனக்கு வயசாயிருச்சுடி, ஒண்ணும் முடியறதில்ல" என்றால், பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும், "எவிடன்ஸ் எங்கீங்?"

மகிக்கு இப்போது நான்கு வயது. போன மாதம் பள்ளியில் ஆண்டு விழா. முந்தின வாரம் ஒத்திகை முடித்து வந்தவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு டான்ஸ் வராதும்மா" என்றாள். அந்த நோட்டு இவளுக்கும் இறங்கிவிட்டதோ? ஆனாலும் வீட்டு வழக்கப்படி, சிரித்த முகத்தோடு கேட்டேன். "எவிடன்ஸ்?"

மகி எழுந்து நின்றாள். ஆடிக் காட்டினாள்.

உண்மையிலேயே வரவில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், பாட்டு மூன்றாவது பக்கம். அறுபத்தொரு பதிவில் நான் காட்ட முடியாததை அரை நிமிடத்தில் காட்டிவிட்டு, "பாத்தியா?" என்று வெற்றியோடு கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் முதல் வரிசையில் நின்று, எல்லோரும் இடதுபக்கம் திரும்பும்போது வலதுபக்கம் திரும்பி, கடைசிவரை ஆடினாள். எதிரில் வந்து மோதிய பையனைப் பார்த்துச் சிரித்தாள். இறங்கி வந்ததும் ஐஸ்கிரீம் கேட்டாள்.

திங்கட்கிழமை கனகராஜ் சாரிடம் போய், படிவம் நாற்பத்தேழில் ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்றேன். தலைப்பு என்ன என்று கேட்டார். 'தெரியாவிட்டால் என்ன?' என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். "ம்" என்றார்.

ஒரே ஒரு 'ம்'தான். நான் என் மேசைக்கு வந்து, வேலையைப் பார்த்தேன்.